ஓட விட்டால் அடங்காத நாய்: பாலக்காட்டுக் கணவாயில் மேய்ப்பு நாய் வளர்ப்பு

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகவோ மீனாட்சிபுரம் வழியாகவோ எல்லை தாண்டிக் கேரளத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போனால், இரண்டு மாநிலத்திலும் தோப்புகளின் அமைப்பு ஒன்றுதான். தென்னை, நடுவில் சாளை என்ற தோட்ட வீடு, பக்கத்தில் கட்டுத்தறி, தூணில் சங்கிலியோடு ஒரு நாய். முன்பு அந்தச் சங்கிலியில் நாட்டு நாயோ ராஜபாளையமோ நின்றது. இப்போது பார்டர் கோலி, ஜெர்மன் ஷெப்பர்டு, பெல்ஜியன் மாலினுவா என்று மேய்ப்பு இன நாய்கள் நிற்கின்றன. நாய் மாறியிருக்கிறது, வளர்ப்பு முறை மாறவில்லை. பகலெல்லாம் கட்டி வைத்து ராத்திரி அவிழ்த்துவிடுவது காவல் நாய்க்கென ஏற்பட்ட பழக்கம். அதே பழக்கத்தில் வளரும் பார்டர் கோலி, வளர்ந்து முடிப்பதற்குள் சொட்டுநீர்க் குழாயைக் கடித்துக் குதறும், தோப்பு வழியே போகும் பைக்கையெல்லாம் விரட்டும். ஒன்றும் கிடைக்காவிட்டால் தன் வாலையோ சுவரில் அசையும் நிழலையோ மணிக்கணக்கில் துரத்தும்.

இந்த நிலைக்கு வந்தவர்களுக்கு ஊரில் கிடைக்கும் யோசனை ஒன்றே ஒன்று: “நல்லா ஓட விடுங்க, அடங்கிரும்.” அதைக் கேட்டு பைக்கோடு சேர்த்து தினமும் எட்டு கிலோமீட்டர் ஓட்டினால், முதல் வாரம் நாய் களைத்துப் படுக்கத்தான் செய்யும். இரண்டு மாதம் போனால் எட்டு கிலோமீட்டர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மூச்சுத் தாங்கும் திறனும் கால்வலுவும் ஏறிய நாய், பழைய அதே பதற்றத்தோடு இன்னும் அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். ஓட்டம் கூடக்கூடப் பிரச்சினையும் கூடுவது இதனால்தான்.

பார்டர் கோலி இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லை மலைகளில் உருவான இனம். 1893-இல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த ஓல்டு ஹெம்ப் என்ற நாயைத்தான் இன்றைய இனத்தின் மூல ஆண் என்பார்கள். அது குரைக்காமல், கடிக்காமல், தலையைத் தாழ்த்தி உற்றுப் பார்த்தே ஆடுகளை நகர்த்தியது. ஓநாய் வேட்டையாடும்போது நடப்பதைப் படிப்படியாகப் பிரித்தால் உற்றுப் பார்ப்பது, பதுங்கி நகர்வது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்று வரும். மேய்ப்பு நாயில் முதல் மூன்றையும் தீட்டிக் கூர்மையாக்கி, கடைசி இரண்டையும் தலைமுறை தலைமுறையாக மழுக்கியிருக்கிறார்கள். ஆகவே இதன் உடம்பில் ஊறியிருப்பது ஓட்டம் மட்டும் கிடையாது. அசைவதைக் கண்டால் உறைந்து நின்று பார்ப்பது, அதைச் சுற்றி வளைப்பது, மனிதன் சொன்ன நொடியில் நிறுத்துவது ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு வேலை அது. நிறுத்துவது மட்டும் தானாக வராது. வளர்ப்பவர்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஜெர்மன் ஷெப்பர்டின் கதை வேறு. 1899-இல் ஷ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி அந்த இனத்துக்குச் சங்கம் அமைத்தபோது, அவை பயிருக்கும் மந்தைக்கும் இடையில் நாள் முழுக்கச் சீரான நடையோட்டத்தில் போய் வரும் உயிருள்ள வேலியாக வேலை செய்துகொண்டிருந்தன. தோப்பின் வேலியோரமே பாதை தேய நடக்கும் ஷெப்பர்டைப் பார்த்தால் அது விளங்கும். மாலினுவாவை இன்று பெரும்பாலும் போலீஸ், ராணுவ வேலைக்கென்றே இனப்பெருக்கம் செய்கிறார்கள். முதல் நாயாக அதை வாங்க நினைப்பவர் வேண்டாமென்று விட்டுவிடுவதே உத்தமம்.

நம் பக்கத்து ஆடு வளர்ப்பில் மந்தையை நகர்த்தும் வேலைக்கு நாயே இருந்ததில்லை. பட்டியிலோ கிடையிலோ நாய் இரவுக் காவலுக்குத்தான். ஆட்டை நகர்த்துவது மேய்ப்பவரின் குரலும் கையிலுள்ள தொரட்டியும். அதனால் காவல் நாய் பற்றி ஊரில் நிறையக் கைப்பக்குவம் உண்டு, மேய்ப்பு நாய் பற்றி அநேகமாக ஒன்றும் இல்லை.

ஒரு நாளின் நேரத்தை எப்படிப் பிரிப்பது

வளர்ந்த பார்டர் கோலிக்கு ஒரு நாளில் மொத்தம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேர வேலை போதும். அதில் பாதி, நீளக் கயிற்றில் மோப்பம் பிடித்தபடி அதன் போக்கில் நடக்கும் நடை. இருபது நிமிடம் தேடல்: ஒரு வேளைத் தீனியைச் சுத்தமான களத்திலோ குட்டைப் புல்லிலோ இறைத்துவிட்டு மூக்காலேயே கண்டுபிடிக்கச் செய்வது. (மட்டைக் குவியலில் இறைக்க வேண்டாம். தேளும் விரியனும் அங்கேதான் இருக்கும்.) ஐந்தைந்து நிமிடமாக நாலைந்து முறை பயிற்சி. மீதி நேரம்தான் ஓட்டமும் விளையாட்டும். பந்தை நூறு முறை எறிவது விளையாட்டுக் கணக்கில் சேராது. ஒவ்வொரு எறிதலும் நாயின் படபடப்பை ஒரு படி ஏற்றுகிறது, திடீரென்று நின்று திரும்புவதில் தோள்மூட்டும் முழங்காலும் அடிபடுகின்றன. பத்து எறிதலோடு நிறுத்தி, ஒவ்வொன்றுக்கு முன்னும் நாயைப் படுக்கச் சொல்லிக் காக்க வைத்தால் அதே பந்து பயிற்சியாகிவிடும். லேசர் விளக்கைக் காட்டி விளையாடுவது மட்டும் ஒரு நாளும் கூடாது. நிழல் துரத்தும் நோய் பிடிக்க அதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

வளர்ந்த நாய் ஒரு நாளில் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்க வேண்டும், குட்டி பதினெட்டு மணி நேரம். மேய்ப்பு நாய் தானாகப் போய்ப் படுக்காது, சாளையில் யாராவது நடமாடிக்கொண்டிருந்தால் விழித்தே கிடக்கும். மாலையில் கிறுக்குப் பிடித்ததுபோல் ஓடும் குட்டிக்குப் பல நேரம் தூக்கம்தான் போதவில்லை. ஆகவே முதலில் கற்பிக்க வேண்டியது படுப்பதை. ஒரு கோணிச் சாக்கை விரித்து, நாய் அதில் கால் வைத்ததும் ஒரு துண்டுத் தீனியைச் சாக்கின் மேலேயே வையுங்கள், கையில் கொடுக்க வேண்டாம். தானாக உட்கார்ந்தால் இன்னொன்று, படுத்தால் மூன்று. முதல் இரண்டு மூன்று நாள் நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். பிறகு ஓரடி விலகி வந்து தீனி வையுங்கள், பிறகு ஐந்தடி, பிறகு வாசல்படி வரை. இடுப்பு ஒருபக்கம் சாய்ந்து முகவாய் தரையில் படும்போது வைக்கும் தீனிக்குத்தான் மதிப்பு அதிகம். காதை விறைத்து, கண் அகல விழித்துக்கொண்டு படுத்திருப்பது ஓய்வாகாது, அது பதுங்கல். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்: உற்றுப் பார்த்தபடி அசையாமல் கிடக்கும் நாயை “எவ்வளவு அடக்கம்!” என்று தட்டிக்கொடுத்துப் பதுங்கலையே வளர்த்துவிடுகிறார்கள்.

பைக் விரட்டலை அடித்துத் திருத்த முடியாது. அடி வாங்கிய நாய் விரட்டலை விடாது. உங்களுக்குத் தெரியாமல் விரட்டக் கற்றுக்கொள்ளும். அதற்கு வண்டி எவ்வளவு தள்ளிப் போனால் பார்த்துவிட்டுத் திரும்ப உங்களைப் பார்க்க முடிகிறது என்று முதலில் கண்டறியுங்கள். ஐம்பது மீட்டராக இருக்கலாம், நூறாகவும் இருக்கலாம். பதினைந்தடி கயிற்றில் அந்தத் தூரத்தில் நின்று, நாய் வண்டியைப் பார்த்த நொடியில் “சபாஷ்” சொல்லித் தீனி. சில நாளில் வண்டிச் சத்தம் கேட்டதுமே உங்கள் கையைப் பார்க்கும். அப்போது ஐந்து மீட்டர் முன்னே வரலாம், அதற்கு முன் வரக் கூடாது. தலை தாழ்ந்து, வாய் மூடி, வால் அசையாமல் நின்றுவிட்டால் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். அந்த நிலையில் தீனியை மூக்கில் இடித்தாலும் அதற்குத் தெரியாது.

சித்தூர் பக்கத்துத் தோப்புகளில் இதே முறை வேண்டிய இன்னொருவர் கள் இறக்க வருபவர். தமிழ்நாட்டுப் பக்கம் அந்தத் தொந்தரவு இல்லை, அங்கே கள்ளுக்கே தடை. காலையிலும் மாலையிலும் வந்து, மரத்துக்கு மரம் ஏறி இறங்கி, வேகமாக நடக்கும் மனிதர் மேய்ப்பு நாயின் கண்ணுக்கு மந்தையை விட்டுப் பிரிந்த ஆடு. குதிகாலைக் கவ்வும். அவர் வரும் நேரம் தினமும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், அந்த நேரத்தில் நாயைச் சாக்கில் படுக்க வைப்பதை வாடிக்கையாக்கிவிடலாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடும்போதும் இதே கவனம் தேவை.

வெயிலும் காற்றும்

கணவாயின் கோடை மற்ற கேரளம் மாதிரி கிடையாது. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டுச் சமவெளியில் 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. குளிர்மலையில் உருவான இரட்டை முடி நாய்க்கு இங்கே பிப்ரவரி கடைசியிலிருந்து மே முடிய வேலை நேரம் காலை ஐந்தேகாலிலிருந்து ஆறரை வரை, மாலை ஏழுக்கு மேல். சூரியன் இறங்கினாலும் தேங்காய் காயப்போடும் சிமெண்ட் களம் சீக்கிரம் ஆறாது. புறங்கையை ஏழு நொடி தரையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

வெயிலுக்கென்று முடியை ஒட்ட மழிப்பது பரவலாக நடக்கிறது, வேண்டாம். மேல்முடி வெயிலைத் தடுக்கிறது. மழித்தபின் அது பழையபடி வளராமலும் போகலாம். வாரம் இரண்டு முறை அடிமுடியைச் சீப்பால் வாரி எடுத்தால் காற்று தோல் வரை போகும், அது போதும். தொடையிடுக்கிலும் வயிற்றிலும் கொஞ்சம் குறைத்துவிடலாம்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உறுப்புகள் கெடத் தொடங்கும். நாக்கு அகன்று கரண்டிபோல் நுனி விரிவது, ஈறு செங்கல் நிறமாவது, எச்சில் பசையாவது, பின்கால் தள்ளாடுவது எல்லாம் முன்னறிகுறிகள். இப்படிக் கண்டால் முதலில் குளிர்விப்பு, அப்புறம்தான் வண்டி. தோப்பில் மோட்டாரைப் போட்டு உடம்பு முழுக்க, முக்கியமாக வயிற்றுப் பக்கம், தண்ணீர் பாய்ச்சி விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடக் கூடாது. சிறிது நேரத்தில் துண்டு சூடாகி வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். வெப்பமானியில் 39.5-க்கு வந்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். தெளிந்துவிட்டது போலத் தெரிந்தாலும் போக வேண்டும். சிறுநீரகமும் ரத்த உறைவும் பாதிக்கப்பட்டது மறுநாள்தான் தெரியும்.

பார்டர் கோலிக்கே உரிய ஒரு கோளாறும் உண்டு. ஐந்து முதல் பதினைந்து நிமிடம் கடுமையாக ஓடியதும் பின்கால் இழுபட்டு, திசை தெரியாததுபோல் தள்ளாடி, நிறுத்தி வைத்தால் அரை மணிக்குள் பழையபடி ஆகிவிடும். வெயிலில் இது அதிகம் வரும். வலிப்பென்று நினைத்து வலிப்பு மாத்திரை கொடுப்பதால் பயனில்லை. அந்த நாய்க்கு வேகவேலையைக் குறைப்பதுதான் வைத்தியம். அடுத்த முறை வந்தால் செல்போனில் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள், வாய்விளக்கத்தைவிட அது உதவும்.

ஜூன் வந்தால் கணவாய்க் காற்று. தார்ப்பாய் படபடக்கும், மட்டைகள் ஆடும், தோப்பு முழுக்க அசையும். அசைவைப் பார்த்தே வாழும் நாய்க்கு அது பெரிய தொந்தரவு. ஆடிக் காற்று வாரங்களில் புதுப் பயிற்சி எதுவும் தொடங்காமல், அறைக்குள் தேடல் வேலையும் படுக்கையுமாக ஓட்டுவது நல்லது. மட்டையும் காயும் விழும் மரத்தடியில் கட்டவும் கூடாது. மழையில் நனைந்த அடிமுடி அன்றே காயாவிட்டால் காதுப் பின்புறமும் வாலடியும் புண்ணாகும். துண்டால் துடைத்துவிட்டு மின்விசிறிக்கு அடியில் படுக்க வையுங்கள். எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியை மே மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும், அட்டை கையில். கேரளப் பக்கம் பஞ்சாயத்து உரிமத்துக்கும் அந்த அட்டையைத்தான் கேட்பார்கள்.

தீனி

18 கிலோ எடையுள்ள, வேலை செய்யும் நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,200 கலோரி. கடைத் தீவனமென்றால் சுமார் 300 கிராம், பயிற்சித் தீனியும் அதற்குள் அடக்கம். வீட்டுச் சாப்பாடென்றால் வெந்த சோறு 300 கிராம், எலும்பில்லாத வெந்த கோழி 250 கிராம், ஒரு முட்டை, வேகவைத்த பூசணியோ கேரட்டோ ஒரு கைப்பிடி, ஒரு தேக்கரண்டி எண்ணெய், நன்றாக இடித்த முட்டை ஓட்டுத் தூள் அரைத் தேக்கரண்டி. அந்தத் தூளை விட்டுவிட்டால் கால்சியம் அறவே போதாது. இதையே வருடக்கணக்கில் கொடுப்பதானால் தாதுச் சத்துக் கலவையை மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும். வெறும் தயிர்ச் சோறு இந்த நாய்க்குப் பற்றாது. சாம்பார் சோறு அதைவிட மோசம். சின்ன வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஓட்டம் கிடையாது. இரண்டு வாரத்துக்கொரு முறை விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது.

மாட்டு ஊசி மருந்து என்ற ஆபத்து

உண்ணி இந்தப் பகுதியின் நிரந்தரத் தலைவலி. நாயின் மேல் தெரிவது கொஞ்சம்தான், பெரும்பகுதி சுவர் வெடிப்பிலும் கல்லடுக்கிலும் ஓட்டுக்கடியிலும் ஒளிந்திருக்கும். ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுக் கூண்டின் வெடிப்பை விட்டால் வேலை பாதியில் நிற்கும். சாப்பிடாமல் கிடப்பது, காய்ச்சல், ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். உண்ணிக் காய்ச்சல் ஒரே கிருமியால் வருவதில்லை, கிருமியைப் பொறுத்து மருந்தும் மாறும்.

கட்டுத்தறியில் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்து அநேகமாக எல்லாச் சாளையிலும் இருக்கும். அதில் ‘கொஞ்சம்’ நாய்க்கும் போட்டுவிடுவது வெகுநாள் வழக்கம், நாட்டு நாய்கள் பெரும்பாலும் தாங்கிவிட்டன. கோலி வகை நாய்களில் எம்டிஆர்1 என்ற மரபணுக் குறை உண்டு. சில மருந்துகளை மூளைக்குள் விடாமல் திருப்பி அனுப்பும் வாயில் அந்த நாய்களிடம் வேலை செய்யாது. ரஃப் கோலியில் இது மிகப் பரவல், ஆஸ்திரேலியன் ஷெப்பர்டிலும் அதிகம். பார்டர் கோலியில் அரிது, ஜெர்மன் ஷெப்பர்டில் ஒரு சிறு பங்கு. கணக்கைப் பாருங்கள்: மாட்டு மருந்தில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். மாட்டுக்கு 50 கிலோவுக்கு ஒரு மில்லி என்ற அளவை அப்படியே 18 கிலோ நாய்க்குச் சுருக்கினால் 0.36 மில்லி. குறையுள்ள நாய்க்கு அதில் பாதியிலேயே நஞ்சேறத் தொடங்கும். கண்மணி விரிவது, வாய் ஒழுகுவது, தள்ளாட்டம், பார்வை போவது, பிறகு நினைவிழப்பு. மாற்று மருந்து கிடையாது, தேறும்வரை நாள்கணக்கில் தாங்கிப் பிடிக்கத்தான் முடியும். கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி அனுப்பினால் இந்தக் குறை இருக்கிறதா என்று மரபணுப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குட்டி வாங்கும்போதே பெற்ற நாய்களின் முடிவைக் கேளுங்கள். மாட்டுக்கு அந்த ஊசி போட்டபின் இரண்டு வாரமாவது நாயைச் சாணத்தில் வாய் வைக்க விடக் கூடாது. வயிற்றுப்போக்குக்கு மனிதர் போடும் லோப்பரமைடு மாத்திரையும் இதே காரணத்தால் ஆகாது.

உண்ணிக்கு இப்போது மாதமொரு முறையோ மூன்று மாதத்துக்கொரு முறையோ கொடுக்கும் மென்று தின்னும் மாத்திரைகள் இந்தக் குறையுள்ள நாய்களுக்கும் ஒத்துவருகின்றன. ஆனால் பார்டர் கோலியில் வலிப்பு நோய் கொஞ்சம் கூடுதல். முன்பு வலிப்பு வந்த நாயென்றால் மருத்துவரிடம் சொல்லாமல் அவற்றைக் கொடுக்க வேண்டாம்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதோ கீறுவதோ வேண்டாம். நாயை நடக்க விடாமல் தூக்கிப் போங்கள். புறப்படும் முன் நச்சுமுறி மருந்து இருக்கிறதா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். கேரளப் பக்கம் திருச்சூரை அடுத்த மண்ணுத்தி, இந்தப் பக்கம் உடுமலைப்பேட்டை ஆகிய இரண்டு ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. இரண்டின் எண்ணையும் முன்கூட்டியே போனில் பதிந்து வையுங்கள்.

உண்மையிலேயே மேய்க்க வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் வெள்ளாட்டில் தொடங்கக் கூடாது. வெள்ளாடு கூட்டமாக நகராமல் சிதறும், திரும்பி முட்டும். சினை ஆடு பயத்தில் கருவைக் கலைக்கும். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு உள்ள தோப்பில் ஆடும் நாயும் சேர்ந்தே உள்ளே போகும். எருமையின் உதை தாடையை உடைக்கும். மயிலும் இந்தப் பகுதியில் தோப்புக்குத் தோப்பு மேய்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள பறவை அது, நாய் விரட்டிக் கொன்றால் வழக்கு நாயின் சொந்தக்காரர் மேல்தான். அதிகாலையில் மயில் இறங்கும் நேரம் நாய் கயிற்றிலேயே இருக்கட்டும்.

தொடக்கத்துக்கு வாத்து நல்லது. அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் கோலை நீட்டியே கூட்டத்தைத் திருப்புவதைப் பார்த்திருப்பீர்கள். வாத்துக்கு ஒட்டி நடக்கும் குணம் உண்டு, நாயையும் காயப்படுத்தாது. வெளிநாட்டுப் பயிற்சியாளர்களும் புது நாயை இப்படித்தான் பழக்குகிறார்கள். நாய்க்கு ஒரு வயதாகி, ஓட்டத்தின் நடுவில் “படு” என்றால் படுக்கவும், “போதும்” என்றால் திரும்பி வரவும் தெரிந்தபிறகுதான் தொடங்க வேண்டும். ஐந்தாறு வளர்ந்த வாத்துகளை வலையடைப்புக்குள் விட்டு, நாயை நீளக் கயிற்றோடு மறுபக்கம் நிறுத்துங்கள். நாய், வாத்து, நீங்கள் மூவரும் ஒரே கோட்டில், வாத்து நடுவில். நீங்கள் இடப்பக்கம் நகர்ந்தால் அது எதிர்ப்பக்கம் சுற்றி வந்து கோட்டைச் சரிசெய்யப் பார்க்கும். கற்றுக்கொடுக்காமலே வருவது அது. அப்போது திசைக்கொரு சொல்லை ஒட்டிவிடுங்கள். உள்ளே பாய்ந்தால் கயிற்றை மிதித்து, படுக்க வைத்து, வாத்து அமைதியானபின் மறுபடி. வாத்து அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். நாய் நன்றாகச் செய்துகொண்டிருந்தாலும் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். “போதும்” சொல்லிக் கயிற்றைச் சுருட்டி, நேரே தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப் போய், பிறகு சாக்கில் படுக்க வையுங்கள்.